கெட்ட பேர் எடுக்க ஓர் ஆள்

"மறுபடியும் முடியாதுன்னுட்டாங்களா? கைக்குழந்தையை வச்சிருக்கிற பொண்ணும்மா அது!"

சங்கம் கொதித்துப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் ஊழியர் சங்கம் என்று எதுவும் கிடையாது. யாருக்கு என்ன குறை என்றாலும் முன்னால் போய் நிற்பவர் இந்த மூத்த குமாஸ்தா. அதனால் இவருக்கே 'சங்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். நெடுநாளாக வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களை மறுபடி அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். "வர முடியாதவங்க சொல்லுங்க, பார்த்துக்கலாம்" என்றார் மேனேஜர் அம்மாள். முதுகுவலிக்காரருக்கு அனுமதி கொடுத்தார். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றவனுக்குக் கொடுத்தார். நாய்க்குட்டி தனியாக இருக்காது என்றவனுக்குக்கூட வாரத்தில் இரண்டு நாள் கொடுத்தார்.

கிளெய்ம் பிரிவுப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. அவள் குழந்தை இப்போதுதான் நடக்கப் பழகுகிறது.

அதுவும் எப்படி! அவள் கணவன் போனில் கெஞ்சியபோது, கண்ணாடி அறைக்கு வெளியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அவங்க இங்க வந்து உட்கார்ந்தாத்தான் எனக்கு வேலை நடக்கும். இஷ்டமில்லைன்னா வேற இடம் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று மேனேஜர் போனைப் பட்டென வைத்துவிட்டார்.

"நெஞ்சுல ஈரமே கிடையாது" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

சங்கம் நேரே கண்ணாடி அறைக்குள் போனார்.

"ஏன் மேடம், நாய்க்குட்டி மேல இருக்கிற இரக்கம் ஒரு குழந்தை மேல இல்லையா?"

"வேற ஏதாவது உண்டா சார்?"

"காரணமாவது சொல்லுங்களேன்."

"சொல்றதுக்கில்லை."

"அப்ப நான் மேலிடத்துல பேசிக்கறேன்."

அதுவரை கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "வேண்டாம் சார், விட்டுடுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பயந்துட்டாங்க என்று நினைத்துக்கொண்டார் சங்கம். வந்த சூட்டோடு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே இருந்த அதிகாரி பழைய சிநேகிதர். மதியமே பதில் வந்துவிட்டது. அந்தப் பெண் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். சாயந்தரம் உத்தரவு வரும்.

சங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் வேலையாக அவள் கணவனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்!" என்று தழுதழுத்தான் அவன்.

அந்தக் குளிர்ச்சியோடு அவள் மேசைக்குப் போய் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவள் மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள்.

"வீட்ல சொல்லிட்டீங்களா அண்ணா?"

"சொல்லாம இருப்பேனா?"

பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

"சந்தோஷத்துல யாராவது அழுவாங்களா? அசடு."

"கெடுத்துட்டீங்களே அண்ணா."

"என்னம்மா சொல்றே?" என்றார் சங்கம்.

"எங்க வீட்ல கதவு சாத்திக்க எனக்குன்னு ஒரு ரூம் கிடையாது. சாப்பாட்டு மேசை ஓரத்துல லேப்டாப். 'வீட்லதானே இருக்கே, இதைக் கொஞ்சம் பாரு, அதைக் கொஞ்சம் எடு'ன்னு நாள் முழுக்க ஆளாளுக்கு வேலை. ஒருத்தர் ஆஸ்பத்திரி பில்லை இன்னொருத்தர் பேர்ல ஏத்திட்டேன். இந்த வேலை போயிருக்கும். மேடம்தான் காப்பாத்தினாங்க."

"ஆபீஸ் போறேன்னு வீட்ல சொல்ல வேண்டியதுதானே?"

"பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போக எப்படி மனசு வருதுன்னு கேட்பாங்க. அதான் நானே மேடம்கிட்ட கெஞ்சினேன், நீங்க விடலைன்னு சொல்லுங்கன்னு. இப்ப, 'அந்த ராட்சசிகிட்ட மாட்டிக்கிட்டியே'ன்னு அத்தையே எனக்கு டப்பா கட்டித் தர்றாங்க. அவர் குழந்தைக்குச் சோறூட்டப் பழகிட்டார்."

சங்கம் கண்ணாடி அறைக்குள் போனார். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?"

"அவங்க வீட்டுக்காரர் ஆறுதல் தேடி உங்களைத்தான் கூப்பிடுறார். உங்களுக்கு மனசுல எதையும் வச்சுக்கத் தெரியாது சார்."

சங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஹெட் ஆபீஸ்ல நான் பேசி நிறுத்திடறேன்" என்றார் மேனேஜர். "அவங்க வீட்டுக்குத்தான் பதில் சொல்லணும்." போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"இருங்க மேடம். இதுவரைக்கும் நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

சங்கம் ரிசீவரை எடுத்து அவள் கணவனின் எண்ணை அழுத்தினார்.

"தம்பி, நான்தான். அந்த உத்தரவு வராது. மேடம் இல்லப்பா, நான்தான் நிறுத்தச் சொன்னேன். யோசிச்சுப் பார்த்தேன், அவங்க வீட்ல உட்கார்ந்துட்டா இங்கே இருக்கிற வேலையெல்லாம் என் தலையில இல்ல விழும்?"

மறுமுனையிலிருந்து வந்த சத்தத்தில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பேச்சுப் பேசாமல் கடைசிவரை கேட்டுவிட்டு வைத்தார்.

வைத்த கையோடு அவள் செல்போன் அடித்தது. அவன்தான்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

"ஆமாங்க, நல்ல மனுஷன்னு நம்பித்தான் ஏமாந்துட்டேன்" என்றாள், சங்கத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியபடி.