சாதா பீஸ் பத்து

பழனிவேல் அண்ணனுக்கு அன்னிக்கித்தான் கடைசி நாளுன்னு பட்டறையில எல்லாரும் முடிவு பண்ணிட்டோம்.

பின்ன? சிதம்பரத்துலேருந்து கலைமணி சாரு நேர்லயே கெளம்பி கடலூர் வந்துட்டாரு. காலேஜ் புரபசர். கையில ஒரு இரும்புப் பெட்டி. மூஞ்சியில மார்ச் மாசத்துலயே கத்திரி வெயிலு.

எங்க வேலை, தகட்டுல ஓட்ட போடுற பன்ச்சுக்குச் சூடு ஏத்திக் கெட்டியாக்கறது. கெட்டி ஜாஸ்தியானா கண்ணாடி மாதிரி ஒடையும். கொறஞ்சா சாக்பீஸ் மாதிரி தேயும். ஒடையவும் கூடாது, தேயவும் கூடாது. அதுக்கு வழி கண்டுபுடிக்கத்தான் சாரு ஆறு வருஷமா ஆராய்ச்சி பண்றாரு. தலைப்பே மஞ்சக்குப்பம் மைதானத்துல கட்டுற மாநாட்டு பேனர் நீளம் இருக்கும்.

மொத்தம் இருவது பன்ச். பத்த அவரே காலேஜ்ல, ஐஸ விடப் பல மடங்கு ஜில்லுன்னு பொகை கக்குற நைட்ரஜன் தண்ணியில முக்கி எடுத்தாரு. அது புது மொற. மிச்சம் பத்து எங்ககிட்ட வந்துச்சு, சாதா மொற. ரெண்டையும் மிஷின்ல ஓடவிட்டு ஒப்பிட்டுப் பாக்கணும்.

சாதா பத்தையும் பண்ணது பழனிவேல் அண்ணன். கெட்டியாக்குன பன்ச்ச அவரு மெதுசூட்டுல வச்சு எடுத்து, கை பொறுக்கற அளவுக்கு ஆறவிட்டு, மறுபடியும் ஒருக்கா வெப்பாரு. ஆறுற வரைக்கும் பெஞ்சுல குந்திக்கினு பீடி. கரண்டு இருக்கறதே அரை நாளு, இதுல ரெண்டு தடவ அடுப்பான்னு மொதலாளி கலியமூர்த்தி தெனம் பாட்டு பாடுவாரு.

"உங்க ஆளு என் ஆராய்ச்சியையே நாசம் பண்ணிட்டான்"னாரு சாரு.

மொதலாளி என்னா ஏதுன்னு கேக்கல. பீடி, பெஞ்சு, கரண்டுன்னு மூணு வருஷத்துக் கோவத்த ஒரே மூச்சுல எறக்கி, நாளையிலேருந்து வராதன்னுட்டாரு. அண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரிசு அந்த வாரந்தான் பத்தாவது பரீட்ச எழுதிக்கிட்டு இருந்துச்சு.

"சார், ஒடஞ்சிடுச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு அண்ணன்.

"ஒண்ணு கூட ஒடையல."

"தேஞ்சிடுச்சா?"

"தேயவும் இல்லய்யா. அதான் பிரச்சன. என்னுது பத்துல ஏழு ஒடஞ்சுபோச்சு. உன்னுது பத்தும் இன்னும் ஓட்ட போட்டுக்கிட்டே இருக்கு. சாதா பீஸ் எப்பிடியும் தோத்துடும்னு நம்பித்தான உங்ககிட்ட குடுத்தேன்?"



மொதலாளி தொண்டையச் செருமிக்கிட்டு, ரெண்டு தடவ வெக்கச் சொன்னதே நான்தான் சார்னாரு. அப்பிடியே அண்ணன் பக்கம் திரும்பி, "நீ ஏண்டா நிக்கிற, போயி அடுப்பப் பாரு"ன்னாரு.

சாரு பெட்டியத் தொறந்து, புதுசா பத்து பன்ச்ச டேபிள்ல அடுக்குனாரு. அடுத்த மாசம் டெல்லியில கருத்தரங்காம். புது மொற ஜெயிச்ச கதைய அங்க வாசிக்கப் போறதா பேரு குடுத்துட்டாராம். அதனால சாதா பத்தையும் மறுபடி பண்ணணுமாம்.

அதுக்கென்னா சார், பழனிவேலையே பண்ணச் சொல்லிடறேன்னாரு மொதலாளி.

சாரு பதறிப்போயிட்டாரு.

"ஐயையோ, அவன் வேணாம். வேலை தெரியாதவனா பாத்து ஒருத்தன்கிட்ட குடுங்க."