வேட்டிகளுக்குப் பின்னால்

மடவிளாகத் தெருவில் இப்போது எல்லா வீட்டு முகப்பும் மின்திரைதான். 1935-இல் எடுத்த போட்டோவில் தெரு எப்படி இருந்ததோ, அதையே பகல் முழுக்கக் காட்ட வேண்டும் என்பது சட்டம். எங்கள் வீட்டு முகப்பில் மட்டும் காலிமனையும் கொடியில் காயும் வேட்டிகளும். அம்மாவின் இஸ்திரிக் கடையைத் தேடி வந்தவர்கள், வீடே இல்லை என்று திரும்பிப் போனார்கள்.

மரபுத்தெரு அலுவலகத்துக்குப் போனேன்.

"போட்டோவுல உங்க வீடு இல்லையேம்மா, நான் என்ன பண்ண?" என்றார் அதிகாரி.

"வேட்டி இருக்குல்ல சார்? அதைத் துவைச்சது யாரு, உங்க தாத்தாவா?"

அவர் முகம் சிவந்தது. பக்கத்து மேஜைப் பெண் சிரித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு வேட்டிகளுக்கு நடுவே கூரையும் கதவும் தெரிந்தன. கதவருகே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"சரி, கதவைப் போட்டுடலாம்" என்றார் அதிகாரி.

"அந்தம்மாவையும் போடுங்க சார். வெட்டினீங்கன்னா மறுபடி வருவேன்."

சனிக்கிழமை திரை மாறியது. காலையிலேயே ஒருவர் துணி மூட்டையோடு வந்து, திரையில் தெரிந்த கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அது படம்ணே, இப்படி வாங்க" என்று சிரித்தபடி அம்மா நிஜக் கதவைத் திறந்தாள்.