ஏறி இறங்கும் வேகம்

"முதல் குண்டு இருநூத்தி எண்பது, அடுத்தது நூத்தித் தொண்ணூறு!" வேகம் காட்டும் மீட்டரைப் பார்த்து அலறினார், சாயக் குண்டு சுட்டு விளையாடும் அரியலூர் பெயிண்ட்பால் மைதானத்தின் முதலாளி முத்தமிழ்செல்வன். "பத்து மணிக்குக் காலேஜ் பசங்க வந்துடுவாங்க. இந்தத் துப்பாக்கிய எப்படி நம்பிக் குடுக்கறது?"

"நான் இருக்கேன்ல சார்!" மெக்கானிக் மணிமொழி வாஷரை மாற்றினாள், காற்று சிலிண்டரை மாற்றினாள், கடைசியில் துப்பாக்கியையே மாற்றினாள். வேகம் ஏறி இறங்கியபடியே இருந்தது.

"யாரோ கை வெச்சிருக்காங்க சார். அந்த ஆள் மட்டும் கையில கெடைக்கட்டும்!"

முத்தமிழ்செல்வன் சந்தேகத்துடன் மீட்டரைத் திருப்பினார். குண்டு கடப்பதைக் கவனிக்கும் அதன் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, பாதி உதிர்ந்திருந்தன.

"நேத்து ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சது நீதானே?"

மணிமொழி துப்பட்டா நுனியால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள்.

"பாத்தீங்களா சார், யாரோ கை வெச்சிருக்காங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"