புகையிலைத் தண்ணீர்

கர்ப்பப்பையை எடுக்கப் படுக்கவைத்திருக்கும் மேசையில், என் காலைத் துடைக்கிற நர்ஸ் முகத்தைச் சுளிக்கிறாள். அவள் கையிலிருக்கும் வெள்ளைப் பஞ்சு பழுப்பாகிறது. "ஏனுங்க மருதாயக்கா, என்ன பூசியிருக்கறீங்க? நொம்ப நாத்தமா இருக்குதுங்க." மழைக்காலத்தில் எஸ்டேட்டுக்குள் இறங்கும்போது அட்டை கடிக்காமலிருக்க நாங்கள் பூசுகிற புகையிலைத் தண்ணீர்தான். பதினோரு வருஷமாக, படுத்தால் போதும், கால் சதைக்குள்ளே அட்டைகள் நெளிகின்றன. உதறினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஊரும். கத்தி வைக்கிற நேரத்தில் உதறிவிடக் கூடாதே என்று காலையில் முழங்கால்வரை பூசிக்கொண்டு வந்தேன். உள்ளே ஊர்வதற்கு வெளியே பூசியிருக்கிறேன். அந்த நாற்றத்தில் எனக்கே குமட்டுகிறது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுச் சற்று நேரமானதும் நர்ஸ் என் வலது காலைத் தூக்கிப் பார்க்கிறாள். கறிக்கடையில் தொங்கும் தொடையைப் போல அது அவள் கையில் தொய்கிறது. முழங்காலுக்கடியில், துப்பிவைத்த எச்சிலைப் போல, துடைபடாத பழுப்புக் கறை. பார்க்க அருவருப்பாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒன்றும் ஊரவில்லை. "எந்நேரம் வரைக்கும் இப்படியே கெடக்கும், கண்ணு?" "பயப்படாதீங்கக்கா, மூணு மணி நேரத்துல பழையபடி ஆயிருமுங்க." பச்சைத் துணியை என் இடுப்புக்கு மேலே திரைபோலக் கட்டுகிறார்கள். "மூணு மணி நேரந்தானா, கண்ணு" என்கிறேன்.