அழியக் கூடாத உழைப்பு

"மிரர் மோடுல போடுங்க தம்பி. ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணுல எல்லாம் அப்படியே இருக்கணும். பத்து வருஷ உழைப்பு!" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் கணவர் உள்ளறைக்குப் போனார்.

புதுக் கம்ப்யூட்டரில் மெக்கானிக் இரண்டு டிஸ்கையும் மாட்டி முடித்தான். தண்ணீர் கொண்டுவந்த மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"வேற மோடு இல்லையா?"

"இருக்குக்கா. ரெண்டுலயும் பாதிப் பாதியா பிரிச்சு எழுதும். வேகம் அதிகம். ஆனா ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் காலி."

"அதையே போடுங்க."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணன் உழைப்புக்கா! தெரிஞ்சே அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன்."

உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது.

"தம்பி, பத்து வருஷமா பாடினதையெல்லாம் ஏத்திட்டு, அதுல முதல்ல ரெக்கார்ட் பண்ணப்போற பாட்டு இது! சும்மா ஒரு தடவை பாடிப் பாக்கறேன்."

பாடினார்.

பல்லவி முடிவதற்குள் மெக்கானிக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மோடை மாற்றிவிட்டான். சரணம் தொடங்கியதும் அவள் பக்கம் குனிந்தான்.

"அக்கா, இந்தப் புது டிஸ்க் லேசுல போகாது. வீட்ல சாகக் கிடக்கிற பழைய டிஸ்க் ஏதாவது இருக்கா?"