முட்டியைப் பிடித்துக்கொண்டு

"நீயா விழுந்தியா, அவ தள்ளுனாளா?"

ஸ்கூட்டியை இன்னும் கிளப்பக்கூட இல்லை. அதற்குள் அன்பரசி விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

பின்சீட்டில் ஏறிய மகள் இளமதிக்கு முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் பல். பள்ளி அணி மாவட்ட ஃபைனலுக்குப் போகிறது. அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் கடைசி நிமிடத்துப் பெனால்டி. வாங்கிக் கொடுத்தது இவள்.

"ஜெயிச்சிட்டோம்மா! மொதல்ல அதச் சொல்லு."

"கேட்டதுக்குப் பதில்."

"லேசா பட்ட மாதிரி இருந்துச்சு."

"பட்டுச்சா? உனக்கும் அந்தப் பாலக்கோட்டுப் பொண்ணுக்கும் நடுவுல ஒரு டவுன் பஸ் போயிருக்கும்டி! கோல் போஸ்ட் பக்கத்துலதான நான் நின்னுட்டிருந்தேன்? முட்டியப் பிடிச்சிக்கிட்டு மூணு உருட்டு உருண்ட. நாலாவது உருட்டுல ஒரு கண்ண மட்டும் தொறந்து, ரெஃபரி பாக்கறாரான்னு வேற பாத்துக்கிட்ட."

இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டிக் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பாவம் அந்த உஸ்மா, கேம்ப்ல உன்கூட இருந்த புள்ள. மஞ்சள் கார்டத் தூக்கிக் காட்டிட்டாரு. 'தொடவே இல்ல சார், தொடவே இல்ல சார்'னு எப்பிடி அழுதா தெரியுமா?"

"எல்லா டீம்லயும் பண்றாங்கம்மா. டிவில பெரிய பெரிய பிளேயருங்களே..."

"அவங்கள எல்லாம் நான் பெத்தேனா? ஷூ வாங்கிக் குடுத்தது ஓடறதுக்கு. உருள்றதுக்கு இல்ல. நாங்க கான்வென்ட்டுல சிஸ்டருங்ககிட்ட படிச்சப்போ, வீட்டுப்பாடம் எழுதலேன்னா எழுதலேன்னு சொல்லிட்டு வெளிய போய் முட்டி போடுவோம். வயித்து வலி, காலு வலின்னு ஒருத்தி நடிக்க மாட்டா. எங்கடி கத்துக்கிட்ட இந்த நடிப்ப?"

இளமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

நாலு ரோட்டில் வண்டி நின்றது. தீர்ப்பு வந்தது.

"வூட்டுக்குப் போனதும் அந்தப் பொண்ணுக்கு போன் போடற. உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேக்கற. உங்க பி.டி. சாருக்கும் சொல்ற. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ஃபைனல் கிடையாது."

"அம்மா! சென்றாயன் சார் என்னைய டீம விட்டே தூக்கிடுவாரு!"

"தூக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும், மைதானத்துக்குக் கொண்டுபோயிருந்த மஞ்சப்பையை ஆணியில் மாட்டினாள் அன்பரசி. மிச்ச எலுமிச்சம்பழமும் குளுக்கோஸ் டப்பாவும் அதிலேயே கிடந்தன. சோபாவில் உட்கார்ந்து, செல்போனை மகளிடம் நீட்டினாள்.

"ஸ்பீக்கர்ல போடு."

சென்றாயன் சார் முழுவதையும் கேட்டார். "ஃபைனல்ல மொதல் பாதி நீ வெளிய உக்காரு. ரெண்டாவது பாதி எறங்கு. பாலக்கோட்டு சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

அடுத்தது உஸ்மா. இளமதி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "ஸாரிடி. நீ என்னையத் தொடவே இல்ல. நானாத்தான் விழுந்தேன்."

"எரும!" என்று ஒரு கத்தல். "நெசமாவே தள்ளிட்டேனோன்னு பஸ்ல வர்றப்ப எல்லாம் யோசிச்சிக்கிட்டே வந்தேன்டி! எங்க டீமே என்னையத் திட்டுச்சு. இரு, ஸ்பீக்கர்ல போடறேன், எங்கம்மாகிட்டயும் சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஞாயித்துக்கிழமை நானும் வருவேன். ஜெயிக்கல, உன் முட்டிய நெசமாவே பேத்துடுவேன்!"

அன்பரசிக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை இழுத்து, புழுதியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான்டி நீ எம் பொண்ணு. பொய்யும் நடிப்பும் நம்ம ரத்தத்துலயே கெடையாது."

இளமதியின் கையிலிருந்த செல்போன் அடித்தது. கணவன் நவநீதன். பழக்கத்தில் இளமதி இதையும் ஸ்பீக்கரிலேயே போட்டாள்.

"அன்பு, எங்க தங்கம்மாள் அக்கா வீட்டோட கெளம்பி வர்றாங்க. மொத்தம் ஏழு பேரு. தொப்பூரத் தாண்டிட்டாங்களாம். நீ கிண்டற களியும் நாட்டுக்கோழிக் கொழம்பும் சாப்புட்டு எவ்ளோ நாளாச்சுன்னு அக்கா ஒரே..."

"ஆ... ம்மா..."

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க." அன்பரசியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கிரவுண்டு மேட்டுல எறங்கறப்ப கால் மடங்கிருச்சு. முட்டி... காலையே ஊன முடியல. எப்பிடிங்க நின்னு களி கிண்டுவேன்? பரவால்ல, வரச் சொல்லுங்க, எப்பிடியாச்சும்..."

"அடடா! நீ அசையாத, படுத்துக்க. ஓட்டல்ல வாங்கிட்டு வந்துடறேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தவள், ஒரு கண்ணை மட்டும் திறந்து போன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தாள். பிறகு இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

"மதி, உன் கிரேப் பேண்டேஜ எடுத்தா. அத்தை வர்றதுக்குள்ள சுத்திக்கணும். போன தடவ எந்தக் காலுடி?"

"எடது."

"அப்ப எடதே இருக்கட்டும்."

இளமதி பேண்டேஜ் எடுக்கப் போகவில்லை. ஆணியில் தொங்கிய மஞ்சப்பையைக் கழற்றினாள். எலுமிச்சம்பழத்தையும் டப்பாவையும் மேஜைமேல் கொட்டிவிட்டு, பையை உதறி, நாலாக மடித்தாள். அம்மாவுக்கு நேரெதிரே வந்து விறைப்பாக நின்றாள். நாக்கை மடித்து நீளமாக ஒரு விசில் அடித்தாள்.

மடித்த மஞ்சப்பையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள்.