குறுக்கு விசாரணை

"அக்கா, இது கோர்ட் இல்ல. கேள்வியை நிறுத்திட்டுக் கிளம்புற வழியைப் பாரு!"

தம்பி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. பேர் வாங்கிய வக்கீல் அவள். எதிரே யார் வந்து நின்றாலும் சாட்சியாகத்தான் தெரியும்.

போதையிலிருந்து மீளத் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்தின் வரவேற்பறை அது. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பியை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே அவள்தான். அன்றைக்கு இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். இன்றைக்குக் குணமாகி வீட்டுக்குக் கிளம்புகிறான்.

"ராத்திரி ரூமைப் பூட்டிடுவாங்களா?"

"சேச்சே! முதல் வாரம் நான் ஓடிடலாம்னு கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன் தடுக்கவே இல்ல. உட்கார வச்சு டீ கொடுத்தார். பேச்சுல மாட்டிக்கிட்டேன்."

"குடியை நிறுத்தினதும் உடம்பு தாங்குச்சா?"

"உயிரே போயிடும் போல இருந்துச்சு. டாக்டர் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டார். ஆனா நிஜமான கஷ்டம் அதுக்கப்புறம்தான். போதை தெளிஞ்சதும் பழைய பயம் வந்து நெஞ்சுல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பார்க்கும்போது வருமே, அந்தப் படபடப்பு. அதை அமுக்கத்தான் இத்தனை வருஷம் குடிச்சிருக்கேன்னு இங்கதான் புரிஞ்சுது. ரெண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்த்தாங்க."

"இதையெல்லாம் எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"வட்டமா உட்கார்ந்து பேசுறப்ப சொன்னேன். அழுதுட்டேன். ஒருத்தரும் சிரிக்கல."

"வெளியில போய்ப் பரப்பிட்டாங்கன்னா?"

தம்பியின் முகம் சுண்டிப்போனது. "உன் பேர் கெட்டுடும்னு பயமா? இன்னும் என்னை நம்பலையா அக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு கூட்டமே வந்துவிட்டது. ஆலோசகர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடத் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்கள் கைதட்டினார்கள். சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "திரும்பி வந்தா விருந்தாளியா வா, இல்லேன்னா அடி விழும்!" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தான். அக்கா கார் டிக்கியைத் திறந்துவிட்டாள். பையை வைக்கப் போனவன் நின்றான். உள்ளே ஒரு துணிப்பெட்டி.

"இது யாரோடது?"

அக்கா கார் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"என்னோடதுதான்டா. படபடப்பை அமுக்குற மாத்திரையை முழுங்காம என்னால கோர்ட் படி ஏற முடியல, ரொம்ப வருஷமா. நீ ஜெயிச்சதைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு. நீ வண்டியை ஓட்டிட்டு வீட்டுக்குப் போ, நான் இங்க தங்கப் போறேன்."